‘ஸ்பீட் கொன்ட்ரோல்’ பூட்டித் தருகிறோம் என்றால் முதலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

மரம் கடைகிற சின்ன மெஷின் வைத்திருப்பவர்கள், அதற்கு வேகக் கட்டுப்பாடு பூட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசை வெளியே எடுங்கள். நான் 78,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடை மட்டக்களப்பில்தான். பெயர் போடமாட்டேன், உள்பெட்டிக்கு வந்து கேட்கவும் வேண்டாம். இதே சாமானை விற்பது அந்த ஒரு கடை மட்டும் என்று நான் நம்பவில்லை.

என்னுடைய மெஷின் 10 அங்குல விட்டமுள்ள மரம் வரை சுழற்றக்கூடியது. அரைக் குதிரை வலு மோட்டர், ஐந்து படி புல்லி. பெல்ட்டைத் தளர்த்திப் படி மாற்றினால் வேகம் மாறும். ஆகக் குறைந்த படியில் நிமிடத்துக்கு 750 சுற்று. ஆரையம்பதியில் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் வைத்து தொட்டில் கம்பு, கட்டில் குமிழ், பூரிக்கட்டை என்று கடைகிறேன். அப்பா ஓடாவி. அவர் காலத்தில் கடைசல் கால்கள் தேவைப்பட்டால் மொறட்டுவையிலிருந்து எடுப்பிப்பார். அந்தச் செலவைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்த மெஷினே வீட்டுக்கு வந்தது.

மெல்லிய வேலைக்கு அது போதும். சிக்கல் கிண்ணத்தில் வந்தது. போன வருடம் கச்சான் காற்றுக்குப் பக்கத்து வளவில் ஒரு மாமரம் முறிந்து விழுந்தது. அடித்துண்டு கொஞ்சம் கேட்டு வாங்கி, 9 அங்குலக் கிண்ணம் கடையலாம் என்று ஏற்றினேன். மெஷின் நடக்கத் தொடங்கிவிட்டது. உண்மையாகவே நடந்தது, சீமெந்துத் தரையில் ஒரு சாண் தூரம். மணல் மூட்டை இரண்டு போட்டும் நிற்கவில்லை.

கடைசல்காரரிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரைக்குள் வரவேண்டும். 9 அங்குலத்துக்கு 750 என்றால் 6750, கணக்குப்படி சரி. ஆனால் அது உருட்டி முடிந்த, பாரம் சமமான மரத்துக்கான கணக்கு. கோடரியால் மூலை தட்டிய, ஒரு பக்கம் ஈரமும் மறு பக்கம் காய்ச்சலுமாக இருக்கிற துண்டுக்கு அதில் பாதி வேகம் போதும். எனக்குத் தேவைப்பட்டது 350, 400 சுற்று. என் புல்லியில் அது இல்லை.

சரி, மோட்டரையே மாற்றுவோம் என்று கடைக்குப் போனேன். இருந்தவர் நல்ல வாய்க்காரர். “அண்ணன், இனி பெல்ட் கழற்றுற வேலையே இல்ல. ஒன்றரைக் குதிரை மோட்டர், இன்வேட்டர் ஸ்பீட் கொன்ட்ரோல். பூச்சியத்தில இருந்து மேல வரைக்கும் இந்த ஒரு நொப்தான்” என்றார். இன்வேட்டர் என்றால் கரண்டையே மாற்றிக் கொடுத்து மோட்டரின் வேகத்தை ஆளுகிற பெட்டி. மேசையில் மோட்டரைப் போட்டு ஓட்டியும் காட்டினார். நொப்பைக் குறைத்தார், சத்தம் குறைந்தது. கூட்டினார், கூடியது. அவ்வளவுதான் பார்த்தேன். அச்சில் பாரம் ஏதும் இல்லாமல் வெறுமனே ஓடுகிற மோட்டர் எதையும் காட்டாது என்று எனக்கு அப்போது தெரியாது.

மெஷினை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்று நாளில் தந்தார்கள். படிப் புல்லி இரண்டையும் கழற்றிவிட்டு, ஒன்றுக்கு ஒன்று சமமான ஒற்றைப் புல்லி போட்டிருந்தார்கள். “இனி அது எதுக்கு?” என்று பழைய மோட்டரையும் படிப் புல்லியையும் 6,000 ரூபாய் கழித்து எடுத்துக்கொண்டார்கள். கழித்த பிறகுதான் 78,000. இந்த முழுக் கதையிலும் நான் செய்த பெரிய மடத்தனம் அந்தப் புல்லியைக் கொடுத்ததுதான். பில்லில் கையால் எழுதியிருந்தது: மோட்டர் செட் 1. மொடல் இல்லை, இன்வேட்டர் என்ற சொல் இல்லை. ஆறு மாத வாரண்டி என்று சொன்னது வாயால்.

வீட்டுக்கு வந்து மாமரத் துண்டை ஏற்றினேன். நொப்பைப் பாதிக்குக் குறைத்தேன், வேகம் பெரிதாகக் குறையவில்லை. இன்னும் குறைத்தேன். மோட்டர் உறுமியது, சுற்று மெல்ல இறங்கியது, அடடே வேலை செய்கிறதே என்று உளியைத் தொட்டேன். தொட்டதும் மரம் நின்றுவிட்டது. வெட்டவேயில்லை, உளி நுனி பட்டதுதான். நொப்பைக் கூட்டினால் சடாரென்று முழு வேகத்துக்குப் பாய்ந்து மெஷின் துள்ளுகிறது. நடுவில் எந்த இடத்திலும் நிற்கமாட்டேன் என்கிறது. அதோடு மோட்டருக்குள் டக், டக் என்று ஒரு சத்தம், யாரோ உள்ளேயிருந்து நகத்தால் தட்டுவதுபோல.

கடைக்கு அழைத்தால், “புது மோட்டர் அண்ணன், ஓட ஓட இளகும்” என்றார். மோட்டர் என்ன புதுச் செருப்பா?

நான்காம் நாள் வார்னிஷ் எரிகிற மணம் வந்தது. சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுவதற்குள் டப் என்று ஒரு வெடி. மோட்டரின் முதுகில் இருந்த கப்பாசிட்டர் மூடி தெறித்து, உள்ளே சுருட்டியிருந்த கடதாசி பஞ்சுபோலக் கொட்டில் முழுக்கப் பறந்தது. மனிசி ஓடிவந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “கண்ணாடி போட்டிருந்தீங்களா?” போட்டிருந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம்.

கடையில் சொன்ன பதில்: கரண்ட் சாமான் எரிந்தால் வாரண்டி இல்லை, நீங்கள் பாரம் கூட்டிவிட்டீர்கள்.

அப்புறம் மோட்டரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, கல்முனைப் பக்கம் மோட்டர் வைன்டிங் செய்கிற ஒரு நானாவிடம் போனேன். அவர் மோட்டரைத் தொடவேயில்லை. பெட்டியின் நான்கு ஆணியைக் கழற்றித் திறந்தார். பெட்டி ஒரு தேங்காய் அளவு. உள்ளே இருந்ததோ, விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் தகடு, அதில் கரண்டை வெட்டிக் குறைக்கிற, மூன்று காலுள்ள கறுப்பு ட்ரையாக் ஒன்று, நொப்பின் அடியில் இரண்டு மூன்று பொட்டுச் சாமான்கள். மற்றதெல்லாம் வெறும் காற்று. 4000 வாட் என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் பெரிதாக ஒட்டியிருந்தது. நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இன்வேட்டர் இல்ல. வீட்டு ஃபேன் ரெகுலேட்டருக்குக் காக்கா” என்றார். காக்கா என்றால் அண்ணன்.

பிறகு ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை. கப்பாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டரின் வேகத்தை முடிவுசெய்வது அந்த 50, வோல்ட் அல்ல. நான்கு போல் (காந்த முனை) உள்ள மோட்டர் என்றால் உள்ளே காந்தப் புலம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும், அச்சு அதற்குக் கொஞ்சம் பின்னால் 1420 போல ஓடும். என் மோட்டரின் தட்டிலும் 1420 என்றுதான் அடித்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பெட்டி வோல்ட்டை மட்டும் வெட்டுகிறது. வோல்ட்டைப் பாதியாக்கினால் முறுக்கு, அதாவது அச்சைத் திருப்புகிற விசை, பாதியல்ல, காலாகிவிடும். வேகம் குறைந்ததுபோலத் தெரிவது மோட்டர் பலமிழந்து வழுக்குவதுதான். உளி பட்டதும் மரம் நின்றதன் கதை இதுதான்.

டக், டக் சத்தத்துக்கும் விளக்கம் இருந்தது. இந்த வகை மோட்டருக்குள் கிளப்பிவிடுவதற்கென்று தனியாக ஒரு சுருள் உண்டு. முழு வேகத்தில் முக்கால்வாசி வந்ததும் உள்ளே இருக்கிற ஒரு சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். சில செக்கன் வேலைக்கான சுருள் அது. வேகத்தை இறக்கினால் சுவிட்ச் திரும்பப் பிடிக்கும், சுருளில் கரண்ட் நின்று ஓடும், சுருளும் கப்பாசிட்டரும் எரியும். நான் பாரம் கூட்டியதால் எரியவில்லை. அந்த நொப்பைத் திருப்பினாலே அது எரியத்தான் செய்யும். ஒற்றைப் புல்லியால் கூடின வேகமும் போயிற்று என்பதை நானாவிடமிருந்து வரும் வழியில்தான் யோசித்தேன். 2 அங்குலக் கம்புக்கு 3000 சுற்றாவது வேண்டும், எனக்கு மிஞ்சியது 1420.

கார்பன் பிரஷ் உள்ள கைத்துளைப்பான் போன்றவற்றுக்கு அந்தப் பெட்டி பொருந்தும். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். தெரியாவிட்டால் இன்வேட்டர் விலை வாங்கியிருக்கக்கூடாது. இங்கே ஒரு சொல் குழப்பமும் இருக்கிறது: சோலாருக்கும் இன்வேட்டர், வெல்டிங்குக்கும் இன்வேட்டர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் தலையாட்டிவிடுகிறோம்.

உண்மையான வழி மூன்று ஃபேஸ் மோட்டரும் அதற்கான இன்வேட்டரும். வீட்டு ஒற்றை ஃபேஸ் கரண்டை வாங்கி, ஹேர்ட்ஸை மாற்றி மூன்று ஃபேஸாக வெளியே தருகிற பெட்டி அது. ஹேர்ட்ஸ் இறங்க வேகம் இறங்கும், முறுக்கு பெரிதாகக் குறையாது. மச்சான் ஒருவன் கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் தேடி, பாவித்த ஒரு குதிரை மோட்டரும் புது இன்வேட்டரும் எடுத்து அனுப்பினான். பூட்டினேன். சொன்ன வேகத்தில் ஓடியது, ஆனால் உளியை வைத்தால் மறுபடியும் நிற்கப் பார்க்கிறது. எனக்கு நெஞ்சு விழுந்தது. இரண்டாம் முறையும் ஏமாந்தேனோ என்று.

நானாவுக்குப் போனில் படம் அனுப்பினேன். “மூடியைக் கழற்றுங்க, தகடு படுத்திருக்கா, நிக்குதா?” என்றார். மோட்டரின் வயர்ப் பெட்டிக்குள் ஆறு போல்ட், இரண்டு வரிசை. பித்தளைத் தகடுகள் ஒரே வரிசையில் படுத்துக் கிடந்தன. அது ஸ்டார், 400 வோல்ட்டுக்கான கட்டு. என் இன்வேட்டர் தருவது 230. அப்படி ஓட்டினால் முறுக்கு மூன்றிலொன்றுதான் கிடைக்கும். தகடுகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்றாக நிறுத்தினேன். அது டெல்ட்டா. பத்து நிமிட வேலை. திரும்பப் போட்டதும் மாமரம் சீவல் சீவலாக வந்தது, தேங்காய்ப்பூ மாதிரி. மோட்டர் தட்டில் 230/400 என்று இருந்தால்தான் இப்படிச் செய்யலாம். 400/690 என்றிருந்தால் வீட்டு இன்வேட்டருக்கு அந்த மோட்டர் வேண்டாம். இன்வேட்டரை நிறுத்திய கையோடு திறக்கவும் கூடாது, உள்ளே கப்பாசிட்டரில் கரண்ட் சில நிமிடம் தங்கி நிற்கும்.

நல்ல இன்வேட்டர் இருந்தாலும் படிப் புல்லி வேண்டும், இதைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார்கள். ஹேர்ட்ஸைப் பாதியாக்கினால் முறுக்கு குறையாவிட்டாலும் சுற்று பாதி, ஆகவே மோட்டர் தருகிற பலமும் பாதிதான். புல்லியால் வேகத்தை இறக்கினால் முறுக்கு கூடும். அதோடு மோட்டரின் விசிறி அதே அச்சில்தான் இருக்கிறது, மெதுவாக ஓடினால் காற்றும் குறையும், சூடு ஏறும். நான் 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவதில்லை. பழைய மாதிரி ஒரு படிப் புல்லி இரும்புப் பட்டறை ஒன்றில் கடைந்து எடுத்தேன், தண்டச் செலவு. கீழ்ப் படியில் 25 ஹேர்ட்ஸ் வைத்தால் 375 சுற்று. நான் முதல் நாளே கேட்ட வேகம்.

இன்வேட்டரில் பின்பக்கம் சுற்றுகிற பட்டன் ஒன்று இருக்கும், அதை செட்டிங்கில் வேலை செய்யாதபடி நிறுத்திவிடுங்கள். மரத்தைப் பிடிக்கிற சக், மரையில் திருகி நிற்பது. பின்னால் சுற்றினால் கழன்று உங்கள் மேல் வரும்.

காசு விடயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தொலைபேசி 1977. நான் கடிதத்தை எழுதி, அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோனேன். ‘மோட்டர் செட் 1’ என்ற பில்லை வைத்துக்கொண்டு இன்வேட்டர் என்று சொன்னீர்கள் என நிரூபிப்பது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசிப் பேசி 30,000 ரூபாயும் என் பழைய அரைக் குதிரை மோட்டரும் திரும்பி வந்தன. படிப் புல்லியை விற்றுவிட்டார்களாம்.

பூட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பில்லில் இன்வேட்டரின் மொடலையும், மோட்டர் மூன்று ஃபேஸ் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மெஷினை எடுக்கப் போகும்போது உங்கள் மரத்துண்டையும் உளியையும் கொண்டுபோங்கள். ஆகக் குறைந்த வேகத்தில் வெட்டிப் பாருங்கள், அதன் பிறகு மிச்சக் காசு. ஆயத்தமாக வருகிற சின்ன மெஷின்களிலும் நொப் உள்ளவை இருக்கின்றன, சிலது நல்லவைதான். அதிலும் பெல்ட்டுக்கு இரண்டு மூன்று படி இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். உங்களிடம் இருக்கிற சக் அதன் மரைக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள், 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை ஒரு வகை, வேறும் உண்டு.

அந்த 4000 வாட் பெட்டி இன்னும் கொட்டிலில்தான் கிடக்கிறது. ஈயம் பற்றவைக்கிற கோலைச் செருகிச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறேன். அந்த வேலையை அருமையாகச் செய்கிறது.