சங்கு ஊதித் தொடங்கும் பந்தயம்: பார்க்லி மாரத்தான் ஒரு விமர்சனம்

நம் ஊரில் சங்கு ஊதிவிட்டால் கதை முடிந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஃப்ரோசன் ஹெட் மலைப் பூங்காவில் சங்கு ஊதினால், ஓட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். பார்க்லியைப் பொறுத்தவரை இரண்டு அர்த்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1986இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தை 2024 வரை முழுதாக முடித்தவர்கள் 20 பேர். 2025இல் ஒருவரும் இல்லை.

விலையில் குறை சொல்ல வழியில்லை. நுழைவுக் கட்டணம் 1.60 டாலர். அதோடு மொய் உண்டு: முதல்முறை வருபவர் தன் ஊர் வண்டி நம்பர் பிளேட் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். முன்பு வந்து தோற்றவர்கள் சட்டையோ சாக்ஸோ, அந்த ஆண்டு அமைப்பாளருக்கு எது தேவையோ அதைத் தர வேண்டும். முடித்துக் காட்டியவர் ஒரு பாக்கெட் கேமல் சிகரெட் கொடுத்தால் போதும். விண்ணப்பிக்க இணையதளம் கிடையாது. எப்போது, யாருக்கு எழுத வேண்டும் என்பதே வாய்வழிச் செய்தி. ‘என்னை ஏன் சேர்க்க வேண்டும்’ என்று கட்டுரை எழுதி அனுப்பினால், தேர்வான 40 பேர் வாக்கில் ஒவ்வொருவருக்கும் அனுதாபக் கடிதம் வரும். முதல் சுற்றுகூடத் தேறமாட்டார் என்று அமைப்பாளர் கணிக்கும் ஒருவருக்கு 1ஆம் எண். அவர்தான் அந்த ஆண்டின் பலியாடு.

இந்த இழவு வீட்டு நகைச்சுவைக்கெல்லாம் சொந்தக்காரர் கேரி காண்ட்ரெல். லாசரஸ் லேக் என்றால்தான் பலருக்குத் தெரியும். மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே, 1977இல் பக்கத்து பிரஷி மவுண்டன் சிறையிலிருந்து தப்பி, 54 மணி நேரத்துக்கு மேல் காட்டில் அலைந்தும் 8 மைல்தான் போயிருந்தான் என்று கேள்விப்பட்டு, அந்த நேரத்தில் தானானால் 100 மைல் போயிருப்பேன் என்று கிண்டலடித்தாராம். பந்தயம் பிறந்தது அந்தக் கிண்டலில்தான். அந்தப் பழைய சிறைக்கு அடியில் ஓடும் சுரங்க வாய்க்காலும் இப்போது பாதையில் ஒரு பகுதி.

மொத்தம் 5 சுற்று, 60 மணி நேரம். ஒரு சுற்று 20 மைல் என்பது அமைப்பாளர் கணக்கு. ஓடியவர்கள் 26ஐ நெருங்கும் என்கிறார்கள். மொத்த ஏற்றம் 60,000 அடிக்கு மேல், அதாவது கடல் மட்டத்திலிருந்து இரண்டு எவரெஸ்ட். 60ஐ 5ஆல் வகுத்துச் சுற்றுக்கு 12 மணி என்று திட்டம் போடுபவர்தான் முதலில் மாட்டுவார். முகாமில் சாப்பிடுவதும் தூங்குவதும் இந்தக் கணக்கிலேயே சேரும். இரண்டாம் இரவில் தூக்கமில்லாத மூளை திசையைத் தவறவிடும், வேகம் பாதியாகும். முதல் இரண்டு சுற்றில் சில மணி நேரமாவது சேமித்திருந்தால்தான் பின்னால் செலவழிக்க முடியும்.

பாதையில் அம்புக்குறி, ரிப்பன் எதுவும் இல்லை. முகாமில் ஒரே ஒரு மூல வரைபடம் இருக்கும்; அதைப் பார்த்து உங்கள் வரைபடத்தில் நீங்களே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். மழையில் மை கலையாத மெல்லிய பேனா அவசியம். தடித்த மார்க்கரில் போட்ட கோடு இரண்டு மலை முகடுகளை ஒன்றாக மறைத்துவிடும். திசைகாட்டிக்கு அனுமதி உண்டு, ஜிபிஎஸ்ஸுக்கும் கைபேசிக்கும் கிடையாது. 2006இல் 75 வயது ஓட்டக்காரர் ஒருவர் 32 மணி நேரம் அலைந்தும் பாதையில் அவர் கடந்தது 2 மைல்தான்.

சுற்றை நிஜமாகவே சுற்றினீர்கள் என்பதற்குச் சாட்சி புத்தகங்கள். 9 முதல் 14 வரை, ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை மாறும். கல்லுக்கடியிலும் மரப்பொந்திலும் கிடக்கும். உங்கள் எண்ணுள்ள பக்கத்தைக் கிழித்து வர வேண்டும். சுற்றுக்கொரு புது எண். ஒரு பக்கம் குறைந்தாலும் சுற்று செல்லாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உணவு எடுக்கக் கை நுழைக்காத பையில் வைப்பது உத்தமம். பிஸ்கட் எடுக்கும்போது பக்கம் பறந்தால் திரும்பி ஏற வேண்டியதுதான். நூறு சோதனைச் சாவடி ஊழியர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பழைய பேப்பர்காரரிடம் வாங்கத்தக்க புத்தகங்கள் செய்துவிடுகின்றன. விளையாட்டாகத் தெரிகிற விதி ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி ஒரு திருகாணி இருக்கிறது. சங்கு நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கலாம் என்பதால், ஓடத் தொடங்குமுன்பே தூக்கம் கெடும். சுற்றுகளின் திசையை மாற்றிவிடுவதால், பழகிய மரமும் பாறையும் புதிதாகத் தெரியும். ஐந்தாம் சுற்றுக்கு முதலில் கிளம்புபவர் திசையைத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்தவர் எதிர்த்திசையில்தான் போக வேண்டும்; அதுவரை கைகோத்து வந்த கூட்டாளி அங்கே பிரிகிறார்.

‘ரேட் ஜா’, அதாவது எலித்தாடை, என்ற ஏற்றம் தனிக் கவனத்துக்குரியது. மின்கம்பித் தடத்துக்கடியில், முட்கொடி மண்டிய செங்குத்துச் சரிவு. தோட்ட வேலைக்கான கனமான கையுறை, கிழிந்தாலும் பரவாயில்லாத முழுக்கால் உடை இரண்டும் வேண்டும். அரைக்கால் சட்டைக்காரர்களை முகாமில் கால்களைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

உணவு: முகாமில் கோழிக்கால், வெளியே கரி, உள்ளே ஐஸ். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் மட்டும், அதுவும் குளிர் ஆண்டுகளில் கட்டியாக. மீதியை நீங்களே சுமக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சேவை: கைவிட்டவரை அழைத்துவர வண்டி வராது, நடந்தே முகாமுக்கு வர வேண்டும். வந்ததும் ராணுவச் சவ அடக்கத்தில் வாசிக்கும் மெட்டை பியூகிளில் ஊதுவார்கள். மூன்று சுற்றை 40 மணிக்குள் முடித்தால் அதற்குப் பெயர் கேளிக்கை ஓட்டம்.

நுழைவு முறை மட்டும் உறுத்துகிறது. தெரிந்தவரைத் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும் என்பதை எவ்வளவு சிரித்தாலும் நியாயப்படுத்த முடியாது.

நேரக் கறாரில் குறையே இல்லை. 2017இல் கேரி ராபின்ஸ் எல்லாப் பக்கங்களோடும், மூடுபனியில் வழிதவறித் தப்பான பக்கத்திலிருந்து, 6 விநாடி தாமதமாக, பந்தயத்தின் தொடக்கமும் முடிவுமான மஞ்சள் கேட்டைத் தொட்டார். அந்தச் சுற்று செல்லாது. பெண்களால் இதை முடிக்க முடியாது என்று காண்ட்ரெல் வெகுகாலம் சீண்டிக்கொண்டிருந்தார். 2024இல் ஜாஸ்மின் பாரிஸ் அதே கேட்டைத் தொட்டுத் தரையில் சரிந்தபோது 59 மணி 58 நிமிடம் 21 விநாடி ஆகியிருந்தது. மிச்சம் 99 விநாடி.