குளிர்காலத்துக்கு ஃபுளோரிடாவில் வீடு எடுப்போர் கவனத்துக்கு: எங்கள் 8,680 டொலர் போன விதம்

கனடாவில் எங்கள் ஊரான ஸ்காபரோவுக்குத் திரும்பி ஐந்து நாட்களே ஆகின்றன. பயணப் பெட்டிகள் இன்னும் கூடத்தில்தான் கிடக்கின்றன. கோபம் ஆறிவிட்டால் இதை எழுதமாட்டேன் என்று தெரிவதால், ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஜனவரி தொடக்கம் மார்ச் முடிய தெற்கே போய்த் தங்கி வர விரும்பும், இங்கே ‘ஸ்னோபேர்ட்’ என்று அழைக்கப்படுகின்ற நம்மவர்கள் சிலர், எந்த ஊர் நல்லது, எவ்வளவு செலவாகும் என்று சென்ற கோடையிலேயே என்னிடம் கேட்டிருந்தார்கள். காலநிலையையும் செலவையும் எப்படி எடைபோடுவது என்று விரிவாக எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த எடைபோடலிலேயே 8,680 கனேடிய டொலரைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் வாதம் உண்டு. வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் அரை மணி நேரம் பயிற்சி செய்தால் நோவு குறையும் என்று இயன்மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே எங்களுக்கு வேண்டியவை மூன்று: நடக்கக்கூடிய வெயில், சூடாக்கப்பட்ட நீச்சல் தடாகம், ஓய்வூதியத்துக்குள் அடங்கும் வாடகை. ஒரு கொப்பியில் ஊர்களை வரிசையாக எழுதி, ஜனவரியின் சராசரி வெப்பநிலையை ஒரு பக்கத்திலும், எனக்குச் சொல்லப்பட்ட மாத வாடகையை மறுபக்கத்திலும் குறித்தேன். தென்கிழக்கு ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லோடர்டேல், ஹொலிவூட் பக்கம், பகலில் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ், இரவில் 15. ஓர்லாண்டோவில் 22, இரவில் 10. தென் கரோலைனாவின் மேர்ட்டில் பீச் மிக மலிவு, ஆனால் பகலிலேயே ஏறத்தாழ 14தான். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் 20 பாகை, உலர்ந்த காற்று. ஆனால் காரில் போவதற்கு மிகத் தூரம். ஃபுளோரிடாவின் வடமேற்கு மூலையில் மெக்சிக்கோ வளைகுடாவை ஒட்டி நீளும் ‘பான்ஹாண்டில்’ கரையில் பகலில் 16, இரவில் 6 அல்லது 7.

வாடகையின் பக்கத்தில் கதை தலைகீழாக இருந்தது. ஹொலிவூட்டில் ஓர் அறை கொண்ட குடியிருப்புக்கு மாதம் 4,200 அமெரிக்க டொலர் கேட்டார்கள். பான்ஹாண்டிலில் அதே அளவுக்கு 1,650. காரணம் எளிது. தெற்கு ஃபுளோரிடாவுக்குக் குளிர்காலமே உச்சப் பருவம். பான்ஹாண்டிலுக்கோ அலபாமா, ஜோர்ஜியா மக்கள் கடற்கரைக்கு வரும் கோடைதான் உச்சப் பருவம். குளிர்காலத்தில் அந்தக் கட்டடங்கள் வெறுமையாகக் கிடப்பதால் மாத வாடகைக்கு மலிவாகக் கொடுக்கிறார்கள். ஒன்பது பாகை வித்தியாசத்துக்கு மாதம் 2,550 டொலர் வித்தியாசம், அதாவது ஒரு பாகைக்கு 283 டொலர் என்று கணக்குப் பார்த்து, கம்பளிச் சட்டை அதைவிட மலிவு என்று சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது. ஆனாலும் அந்தக் கணக்கு தவறன்று. தடாகம் சூடாக இருந்திருந்தால் 16 பாகை எங்களுக்குப் போதுமாயிருந்தது.

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தங்குவோருக்கென்றே வீடு பிடித்துத் தரும் ஓர் இணையத் தளத்தில் அந்தப் பான்ஹாண்டில் குடியிருப்பைக் கண்டேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, வழக்குக்கு ஓட எனக்கு வயதில்லை. ‘ஆண்டு முழுவதும் சூடாக்கப்படும் தடாகம்’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ‘ஃபுளோரிடாவின் ஜனவரிப் பகல் 23 பாகை’ என்றும் இருந்தது. வடமேற்கு மூலையிலுள்ள பென்சகோலாவிலிருந்து தென்கோடியிலுள்ள கீ வெஸ்டுக்குச் சாலைவழியாகப் போனால் 1,300 கிலோமீற்றருக்கு மேல். இவ்வளவு நீண்ட மாநிலத்துக்கு ஒரே வெப்பநிலையை எழுதுகிறவர்கள் வேறு எதைத்தான் மறைக்கமாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஏனென்றால் அன்று அந்தத் தளத்தின் ஒழுங்கமைப்பாளர் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நிமிடம் பேசினார். மனைவியின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். தம் தாய்க்கும் அதே நோவு என்றும், சென்ற இரு குளிர்காலங்களிலும் அவர் அதே கட்டடத்தின் தடாகத்தில்தான் காலையில் நடந்தார் என்றும், நீர் எப்போதும் 29 பாகையில் இருக்கும் என்றும் சொன்னார். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் பணம் அந்தத் தலையசைப்பில்தான் போனது. அன்றைக்கே, 2024 ஒக்டோபர் 21 ஆம் நாள், முற்பணம் கட்டினேன்.

மீதியை டிசம்பர் 5 இல் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முதல் நாள், எனக்கே ஏதோ உறுத்தியதால், தடாகம் நாங்கள் இருக்கும் மூன்று மாதமும் திறந்திருக்குமா, சூடாக்கப்படுமா என்று மின்னஞ்சலில் நேரடியாகக் கேட்டேன். ‘விளம்பரத்தில் உள்ள எல்லா வசதிகளும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன’ என்று ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. வாடகை 4,950, துப்புரவுக் கட்டணம் 250, தளத்தின் சேவைக் கட்டணம் 356, வரி 624. ஆக 6,180 அமெரிக்க டொலர். ஆறு மாதத்துக்கு மேற்படாத தங்கல் வாடகைக்கு ஃபுளோரிடாவில் மாநில விற்பனை வரியோடு மாவட்டத்தின் சுற்றுலா வரியும் சேரும். மாத வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தவற விடுவார்கள். நாணய மாற்றும் கடனட்டையின் வெளிநாட்டுக் கட்டணமும் சேர்ந்து எங்கள் கணக்கிலிருந்து போனது 8,680 கனேடிய டொலர்.

ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் காரோட்டி, ஜனவரி 6 ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை துவாயும் கையுமாகக் கீழே இறங்கியபோது, லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவித்தலை மனைவிதான் முதலில் வாசித்தார். தரை புதுப்பிக்கும் வேலைக்காக நீச்சல் தடாகம் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை மூடப்பட்டிருக்கும். நாங்கள் மீதிப் பணம் கட்டுவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே தடாகம் வற்றிக் கிடந்திருக்கிறது. கம்பி வேலிக்கு அப்பால் காய்ந்த சீமெந்துக் குழியும் ஒரு தள்ளுவண்டியும் தெரிந்தன. கடலில் இறங்கலாம் என்றால் ஜனவரியில் அங்கே நீர் 15 பாகையை ஒட்டித்தான் இருக்கும். முழங்கால் வாதக்காரருக்கு அது மருந்தல்ல, தண்டனை.

அன்று நண்பகலுக்கு முன்பே தொலைபேசியில் முறையிட்டேன். நாற்பது நிமிடம் பேசிய அதே பெண்மணி இம்முறை நான்கு நிமிடம்கூடப் பேசவில்லை. தடாகம் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு என்றார். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால், வாடகைக்காரரோடு தங்களுக்குப் பேச்சில்லை, உரிமையாளரைக் கேளுங்கள் என்றார்கள். உரிமையாளர், பணம் தளத்தின் கையில்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அதன் பின் பதிலே போடவில்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையிலோ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர்; ஒவ்வொருவருக்கும் முழங்காலிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். கடைசியில், குறைபாட்டை 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், நீங்கள் தொலைபேசியில்தான் சொன்னீர்கள், எழுதியது மூன்றாம் நாள் என்று விதியைக் காட்டினார்கள். 8,680 டொலருக்கு ஈடாக, அடுத்த முறை முன்பதிவு செய்யும்போது 150 டொலர் கழிவு தருவார்களாம். அடுத்த முறை!

பிறகு ஜனவரி 21 ஆம் நாள் வந்தது. ஃபுளோரிடாவின் அந்தக் கரையில் பனி கொட்டியது. 1954 இல் மில்ட்டன் என்ற ஊரில் பதிவான நான்கு அங்குலச் சாதனை அன்று முறிந்தது. பத்தாம் இலக்கப் பெருஞ்சாலையை மூடினார்கள். பனிக்கு அந்தத் தளம் பொறுப்பல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடியிருப்பில் இருந்தது, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மட்டுமே. வெளியே குளிர் கூடக்கூட அதன் திறன் குறையும், துணைக்கு மின்கம்பிச் சூடாக்கி ஓடத் தொடங்கி மின்சாரத்தை விழுங்கும். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில், மாதம் 100 டொலருக்கு மேற்பட்ட மின்சாரம் வாடகைக்காரர் தலையில் என்று எழுதியிருந்தது. “இதுக்கு ஸ்காபரோவிலேயே இருந்திருக்கலாமே,” என்றார் மனைவி, குளிரங்கியோடு கட்டிலில் உட்கார்ந்தபடி. 25 ஆம் நாள் கிளம்பிவிட்டோம். நேற்று, மேலதிக மின்சாரத்துக்கு 71 டொலர் கட்டும்படி மின்னஞ்சல் வந்திருக்கிறது.

பத்தொன்பது இரவு தங்கினீர்கள்தானே, முழுத் தொகையும் போனதென்று எப்படிச் சொல்வது என்று மகன் கேட்கிறான். கடனட்டை வங்கியும் அதையேதான் கேட்கிறது. தடாகம் இல்லையென்று தெரிந்திருந்தால் ஓர் இரவுகூட அங்கே போயிருக்கமாட்டோம். ஆகவே என் கணக்கில் போனது 8,680 டொலர். கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு வங்கியில் மறுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்; ‘ஆய்வில் உள்ளது’ என்ற ஒரு வரிக்கு மேல் இதுவரை எதுவும் இல்லை.

விரிவான ஆலோசனை எழுத இப்போது எனக்குப் பொறுமையில்லை. மாநிலத்தின் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள்; அந்த ஊரின் ஜனவரி இரவு வெப்பநிலையைப் பாருங்கள். ஃபுளோரிடா என்ற பெயரோடு வாடகை பாதியாக இருந்தால் அது வடக்கு என்று பொருள். மீதிப் பணம் கட்டும் முன் இடைத்தரகரைக் கேட்காமல் கட்டடத்தின் அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்து, தடாகம் இன்று திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மின்சார வரம்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். போய்ச் சேர்ந்த இரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குறைகளைப் படமெடுத்து எழுத்தில் அனுப்பிவிட்டுப் படுங்கள். தொலைபேசியில் உங்கள் நோயைப் பற்றி அன்பாக விசாரிப்பவரிடம் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள்.