பிளானட்சைடு 2: வண்டிக்குக் காவல் நிற்க ஆளில்லை

பாலக்கோட்டு நண்பர் ஒருவர் புதிய கணினி வாங்கிய கையோடு, "இலவசம்தானே, பிளானட்சைடு 2 ஏற்றலாமா?" என்று கேட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து பல ஆண்டுகளாக அதை ஆடி வருபவன் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். ஏராளமானோர் மூன்று அணிகளாகப் பிரிந்து, தளங்களைப் பிடிக்க இணையத்தில் ஒரே களத்தில் மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு இது; 2012 நவம்பரில் வெளிவந்தது. அதன் படத்தரத்தையும் துப்பாக்கிகளையும் பற்றி யூடியூபில் வேண்டிய அளவு பேசியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் சண்டரர் என்ற வண்டியைப் பற்றித்தான்.

ஒரு தளத்தைப் பிடிக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் சண்டரரை அதன் அருகே ஓட்டிச் சென்று நிறுத்த வேண்டும். தாக்குதலில் சாகிறவர்கள் அதிலிருந்துதான் மீண்டும் எழுந்து வருவார்கள். அது வெடித்துவிட்டால் எல்லோரும் பின்னால் இருக்கும் சொந்தத் தளத்தில் எழுந்து, மீண்டும் முதலிலிருந்து கிளம்பி வர வேண்டும் என்பதால், தாக்குதல் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். இவ்வளவு முக்கியமான வண்டிக்கு எங்கள் படையில் காவலாக ஒருவரும் நிற்பதில்லை. எதிரியின் லைட் அசால்ட் வீரர் (முதுகில் பறக்கும் கருவி மாட்டியவர்) ஒருவர் பின்பக்கமாகத் தாவி வந்து, சி-4 வெடிப்பொருளை ஒட்டிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பிப் போகிறார்.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. எதிரியைச் சுட்டால் புள்ளி உண்டு, விழுந்தவரை எழுப்பும் மெடிக்கிற்குப் புள்ளி உண்டு, தோட்டா வழங்கும் இன்ஜினியருக்கும் உண்டு, வண்டியிலிருந்து ஒவ்வொருவர் எழும்போதும் அதைக் கொண்டு வந்தவருக்கும் உண்டு. ஆனால் எதிரி வராத நேரத்தில் அதன் அருகே சும்மா நிற்பவருக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கத்து எருது விடும் விழாவில் வழியிலிருந்து கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கும் எந்தப் பரிசும் இல்லைதான். ஆயினும் அவர்கள் நிற்கிறார்கள்.

நான் ஆடுவது நியூ கான்குளோமரேட் அணியில். கதைப்படி இவர்கள் இன்னொரு அணியான டெர்ரன் ரிபப்ளிக்கின் ஆட்சிக்கு எதிராகச் சுதந்திரம் வேண்டி எழுந்த கலகக்காரர்கள். யார் சொல்லையும் கேட்பதில்லை என்ற வகையில் எங்கள் ஆட்கள் கதைக்கு மிகவும் விசுவாசமாக இருக்கிறார்கள். மூன்றாவது அணியான வானு சாவரின்டியில் நான் எதிர்கொண்ட சில குழுக்களோ வேறு மாதிரி. 12 பேர் கொண்ட ஸ்குவாடுகள் நான்கு சேர்ந்து 48 பேரின் பிளாட்டூனாக அவர்கள் வரும்போது, ஒரு வண்டி எங்கள் கண்ணில் படும்படி நிற்கும், இன்னொன்று மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், முதலாவதை நாங்கள் வெடிக்க வைத்துக் கொண்டாடி முடிப்பதற்குள் இரண்டாவதிலிருந்து எழுந்தவர்கள் தளத்துக்குள் புகுந்திருப்பார்கள். தோற்கும்போதுகூட ரசிக்க வைக்கும் விளையாட்டு எனக்கு வேறு அமையவில்லை. மூன்று அணிகள் இருப்பதன் அழகும் இதில்தான் இருக்கிறது: இருவர் மோதிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பதை எப்போதும் கணக்கில் வைத்தே படையைப் பிரிக்க வேண்டும். 2019-இல் சேர்க்கப்பட்ட கூலிப்படை ரோபோக்கள், ஆள் குறைந்த அணிக்குத் துணையாக அனுப்பப்படுவதும் நியாயமான ஏற்பாடே.

2015 ஜனவரியில் ஒரே போரில் 1,158 பேர் மோதி இந்த விளையாட்டு கின்னஸ் சாதனை படைத்தது. இன்று அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆசியாவுக்கான சர்வர் டோக்கியோவில் இருக்கிறது. நாம் இரவுச் சாப்பாட்டை முடித்து ஒன்பது மணிக்கு உட்காரும்போது ஜப்பானில் நள்ளிரவு தாண்டி அரை மணி ஆகியிருக்கும். ஆட்கள் குறையக் குறைய, காவலில்லாமல் வெடிக்கும் ஒவ்வொரு வண்டியின் இழப்பும் கூடுதலாக உறைக்கிறது.

எங்கள் சிறிய ஸ்குவாடில் ஊத்தங்கரை, அரூர் நண்பர்களும் ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் தம்பி ஒருவரும் உண்டு. தம்பி எப்போதும் இன்ஜினியர்; சுட வேண்டும் என்ற ஆசையே அவருக்கு இல்லை. சண்டரரைச் சுற்றிக் கண்ணிவெடி வைப்பார், அடிபட்டதும் பழுது நீக்குவார், "அண்ணா, வண்டி பத்திரமாக இருக்கிறது, நீங்கள் போங்கள்" என்று மைக்கில் சொல்வார். அவர் இருக்கும் இரவுகளில், மற்ற நாட்களில் திட்டித் தீர்க்கும் இதே விளையாட்டுக்கு நிகரே இல்லை என்று தோன்றுகிறது. அவருக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் நாங்கள் நான்கு பேரும் முன்னால் ஓடுகிறோம், வண்டி பின்னால் வெடிக்கிறது, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு வெளியேறுகிறோம்.

ஆகவே புதிதாக யாரும் இதை ஏற்ற வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பொறுமையுள்ள துணை ஒருவர் கையில் இல்லாமல் நுழைபவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். நான் என் கணினியிலிருந்து நீக்குவதாக இல்லை. தம்பிக்கு இந்த வாரம் பகல் ஷிஃப்ட்.