ரூபே கடன் அட்டை: நெல்லைக் கடைத்தெருவில் எவ்வளவு பயன்படுகிறது?

பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் டவுன் ரத வீதிகளிலும் அட்டை தேய்க்கும் கருவி இல்லாத சிறு கடைகளில்கூட கியூஆர் கோடு இருப்பதால், யுபிஐ செயலியில் இணைக்கக்கூடிய ரூபே (இந்தியாவின் சொந்த அட்டை வலையமைப்பு) கடன் அட்டையே நம் ஊருக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. 2022-இல் அறிமுகமான இவ்வசதியால், கால் கிலோ அல்வாவுக்கும் அட்டையை வெளியே எடுக்காமல் கடன் கணக்கிலிருந்தே பணம் செலுத்த முடிகிறது. ஆனால் கடைக்காரர் வணிகருக்கான கோடு வைத்திருக்க வேண்டும். தனிநபர் கணக்கின் கோடு என்றால் செயலி மறுத்துவிடும்.

டெபிட் அட்டையில் நம் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் உடனே கழிகிறது. ப்ரீபெய்டு அட்டையில் முன்கூட்டி ஏற்றிய தொகை வரை செலவிடலாம். கடன் அட்டையில் வங்கி முதலில் செலுத்த, நாம் கெடு தேதிக்குள் திருப்பித் தருகிறோம். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை: பில்லில் காட்டும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுவதோடு, அடுத்து வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காமல் போகிறது. ஏடிஎம்மில் இந்த அட்டையால் பணம் எடுத்தாலோ, எடுத்த அன்றே வட்டி தொடங்குவதுடன் தனிக் கட்டணமும் உண்டு. அதற்கு டெபிட் அட்டையே சரி.

தொட்டுச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது என்பதால், அட்டையைக் கடைக்காரர் கையில் கொடுத்துப் பழகிய பெரியவர்கள் வங்கிச் செயலியில் அந்த வசதியை நிறுத்திவைப்பது நல்லது.