வணிக நிர்வாகவியல்: முதன்மைப் பாடமா, துணைப் பாடமா?

இளநிலைப் பட்டத்தில் வணிக நிர்வாகவியலை முதன்மைப் பாடமாக எடுப்பதா, வேறொரு துறையை முதன்மையாக வைத்துக்கொண்டு இதைத் துணைப் பாடமாகப் படிப்பதா என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் வேலைவாய்ப்பை மட்டும் கணக்கில் கொண்டே பதில் சொல்லப்படுகிறது. இரண்டு வழிகளிலும் அவர் எதைப் படிக்கிறார், எதைப் படிக்காமல் விடுகிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்க முறையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட்கள் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகுகள்; ஒரு தாளுக்குப் பெரும்பாலும் மூன்று) தேவை. துணைப் பாடத்துக்கு 15 முதல் 21 வரை, அதாவது ஐந்து முதல் ஏழு தாள்கள் போதும். முதன்மைப் பாடமாக எடுத்தாலோ, அடிப்படைத் தாள்களான பொருளியலையும் புள்ளியியலையும் சேர்த்து, படிப்பில் ஏறத்தாழப் பாதி வணிகத் துறையைச் சார்ந்ததாகிவிடும்.

எண்ணிக்கையை விட முக்கியமான வேறுபாடு தாள்களின் வரிசையில் இருக்கிறது. கணக்கியலில் அறிமுகத் தாளை முடித்தவர்தான் இடைநிலைக் கணக்கியலுக்குச் செல்ல முடியும். அதை முடித்தவருக்கே தணிக்கையும் உயர்நிலைக் கணக்கியலும் திறக்கின்றன. நிதி மேலாண்மையிலும், பணத்தின் கால மதிப்பில் (இன்று கையிலுள்ள பணத்துக்கும் பின்னாளில் வரும் பணத்துக்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டில்) தொடங்கி முதலீட்டு மதிப்பீடு, மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவு என்று ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் எழுகிறது. முதன்மைப் பாட மாணவர் இந்தத் தொடரின் கடைசிப் படிவரை போகிறார். இறுதியாண்டில் எல்லாத் துறைகளையும் ஒன்றிணைக்கும் உத்தி மேலாண்மைத் தாளையும் எழுதுகிறார். துணைப் பாட மாணவரோ பெரும்பாலும் ஒவ்வொரு தொடரின் முதற்படியில் நின்றுவிடுகிறார். மேல்நிலைத் தாள்களில் இடம் குறைவாக இருக்கும்போது முதன்மைப் பாட மாணவருக்கே பல துறைகள் முன்னுரிமை அளிக்கின்றன என்பதையும் துணைப் பாடம் எடுப்பவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

ஆகவே கணக்காளராகவோ தணிக்கையாளராகவோ நிதிப் பகுப்பாய்வாளராகவோ விரும்புபவருக்குத் துணைப் பாடம் போதாது. அமெரிக்காவில் கணக்காளர் உரிமம் பெற நீண்டகாலமாக 150 கிரெடிட்கள் கேட்கப்பட்டு வந்துள்ளன. அவற்றில் கணக்கியல் தாள்கள் இத்தனை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதைத் துணைப் பாடத்தால் எட்ட முடியாது.

ஆனால் எந்தச் சிறப்புப் பிரிவையும் தேர்ந்தெடுக்காமல், ‘பொது மேலாண்மை’ என்ற பெயரில் மட்டும் முதன்மைப் பாடமாக எடுப்பதை என்னால் அதே உறுதியோடு பரிந்துரைக்க முடியவில்லை. சந்தைப்படுத்தல், மனிதவளம், வணிகச் சட்டம், செயல்பாட்டு மேலாண்மை என ஒவ்வொன்றிலும் ஓரிரு தாள்கள் படித்தவர் எல்லாவற்றையும் ஓரளவு அறிந்திருப்பார்; எதையும் தனியாகச் செய்துகாட்டும் அளவுக்கு ஆழம் இருக்காது. இது புதிய கவலை அன்று. 1881-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கியபின் பரவிய இளநிலை வணிகக் கல்வியை, ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி கழகமும் நிதியளித்து 1959-இல் வெளிவந்த இரண்டு ஆய்வறிக்கைகள் கடுமையாக விமர்சித்தன. படிப்பு குறுகிய தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டது, கணிதத்துக்கும் சமூக அறிவியலுக்கும் பொதுக்கல்விக்கும் கூடுதல் இடம் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பாடத்திட்டங்கள் அதன்பின் பெரிதும் மாறின என்றாலும், அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்துகிறது.

துணைப் பாடத்தின் வலிமை இங்கேதான் தெரிகிறது. கணினி அறிவியல், உயிரியல், பொறியியல், மொழியியல் என்று ஏதேனும் ஒரு துறையில் ஆழமாக இறங்கிய மாணவர், ஐந்தொகையையும் (இருப்புநிலைக் குறிப்பையும்) இலாப நட்டக் கணக்கையும் பணப்பாய்வு அறிக்கையையும் படித்துப் புரிந்துகொள்ளக் கற்றுவிட்டால், தன் துறைக்குள்ளேயே பொறுப்பான முடிவுகளை எடுக்கும் இடத்துக்கு நகர முடிகிறது. இலாபம் காட்டும் நிறுவனத்துக்குக் கையில் பணமில்லாமல் போவது எப்படி என்பதை அறிந்த பொறியாளர், திட்டச் செலவைப் பற்றிப் பேசும் விதமே வேறாக இருக்கும். இந்தப் பயனை அடைய ஐந்து தாள்கள் போதும். ஆனால் அவற்றைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிதிக் கணக்கியல், நிதி மேலாண்மை, புள்ளியியல் மூன்றையும் தவிர்த்துவிட்டு எளிதான தாள்களால் நிரப்பிய துணைப் பாடம், சான்றிதழில் ஒரு வரியாக மட்டுமே எஞ்சும்.

பின்னாளில் எம்.பி.ஏ. படிக்க எண்ணுபவர் இன்னொன்றையும் கருத வேண்டும். அதன் முதலாண்டில் கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், செயல்பாட்டு மேலாண்மை, உத்தி ஆகியவை அடிப்படையிலிருந்தே கற்பிக்கப்படுகின்றன. இளநிலையிலும் இதையே முதன்மையாகப் படித்தவருக்கு அதில் பெரும்பகுதி மறுபடிப்பு. சில நிறுவனங்கள் சில தாள்களுக்கு விலக்கு அளிக்கின்றன, பல அளிப்பதில்லை. மேற்படிப்புக்குப் போக வாய்ப்போ விருப்பமோ இல்லாதவருக்கு இந்த வாதம் பொருந்தாது. நான்காண்டில் வேலைக்குச் சென்றாக வேண்டியவருக்கு, சிறப்புப் பிரிவோடு கூடிய முதன்மைப் பாடம் நேர்வழி.

இன்னும் முடிவெடுக்காத முதலாண்டு மாணவர் அறிமுக நிதிக் கணக்கியலையும் புள்ளியியலையும் முதலிரண்டு பருவங்களிலேயே எடுத்துவிடலாம். பெரும்பாலான பாடத்திட்டங்களில் இவை இரண்டு வழிகளுக்கும் கணக்கில் சேரும். கணக்கியல் மூன்றாம் பருவத்துக்குத் தள்ளிப்போனால், தொடர் தாள்கள் ஒவ்வொன்றும் ஒரு பருவம் பின்தங்கி, முதன்மைப் பாடமாக மாற்ற நினைக்கும்போது பட்டம் முடிக்கும் காலமே நீண்டுவிடும்.