நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸா, வீட்-எக்ஸ்பிரஸ் ஜோடியா?

டைப்ஸ்கிரிப்டில் (டைப், அதாவது தரவின் வகை, குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) ஒரு சின்ன வரவு-செலவு ஆப் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதில் ஆரம்பிப்பது?

2016-இல் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் (Next.js), திரையையும் சர்வரையும் சேர்த்தே எழுத உதவும் ஃப்ரேம்வொர்க். ஆரம்பிக்க ஒரே கட்டளை போதும். திரையும் சர்வரும் ஒரே ப்ராஜெக்டில் இருக்கும், ஒரே போர்ட்டில் (கணினியில் சர்வரை அடையும் வாசல் எண்) ஓடும். பில்ட் செய்யும்போது, அதாவது வெளியிடத் தயார் செய்யும்போது, டைப் பிழை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அது பெரிய நிம்மதி.

வீட்-எக்ஸ்பிரஸ் ஜோடியில் இரண்டு சர்வர்கள்: திரைப் பக்கத்துக்கு வீட் (Vite) என்ற கருவி, சர்வர் பக்கத்துக்கு எக்ஸ்பிரஸ் (Express). வீட் வழக்கமாக 5173-இல் ஓடும், எக்ஸ்பிரஸ்ஸை 3000-இல் வைப்போம். போர்ட் வேறானால் பிரவுசர் அதை வேறு தளமாகவே பார்க்கும். அதனால்தான் புதியவர்கள் முதல் நாளே கோர்ஸ் (CORS) பிழையில், அதாவது வேறு தளத்தின் பதிலைப் பிரவுசர் தடுப்பதில், மாட்டிக்கொள்கிறார்கள். கோரிக்கையை வீட்டே (Vite) வாங்கி எக்ஸ்பிரஸ்ஸுக்கு அனுப்பும்படி, அதன் கான்ஃபிக் ஃபைலில் ப்ராக்ஸி நாலு வரி எழுதினால் சரியாகிவிடும்.

இன்னொன்று: வீட் டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும், டைப்பைச் சரிபார்க்காது. அதற்கு டைப்ஸ்கிரிப்டின் கம்பைலரான டிஎஸ்சி-யை (tsc) தனியாக ஓட்ட வேண்டும். 'செலவு' என்ற டைப்பை இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதாதீர்கள். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் பிழை, ஆப் ஓடும்போதுதான் தெரியும். என்பிஎம் வொர்க்ஸ்பேஸில் (npm workspaces, பல ப்ராஜெக்ட்களை ஒன்றாக வைக்கும் வசதி) ஒரு பொது ஃபோல்டர் வைத்து இரண்டும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் ஏன் இந்த ஜோடி? கோரிக்கை எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மொபைல் ஆப்புக்கும் அதே சர்வர் உதவும். வெப்சாக்கெட் (சர்வரோடு அறுபடாமல் இருக்கும் இருவழி இணைப்பு) வேண்டுமென்றாலும் இதுதான் எளிது.

கற்றுக்கொள்ள எழுதுகிறவருக்கு நான் ஜோடியைத்தான் சொல்வேன். வார இறுதிக்குள் ஆப் ஓடியாக வேண்டும் என்றால் நெக்ஸ்ட்.