கும்பகோணத்தில் ஒரு கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையம்: பெற்றோர் ஒருவரின் மதிப்புரை

குறைபார்வை உள்ள என் மகள் கும்பகோணத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.காம். படிக்கிறாள். அக்கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தை முதலாண்டு முதலே பயன்படுத்தி வருவதால், டெல்டா மாவட்டங்களில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

சேர்க்கையில் எந்தச் சிக்கலும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வழங்கும் 5 சதவீத இடஒதுக்கீட்டை அலுவலகத்தினர் நன்கு அறிந்திருந்தனர். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைத் தவிர வேறு சான்று எதையும் அவர்கள் கேட்கவில்லை.

இம்மையத்தின் பெரிய பலம் தேர்வு நேர ஏற்பாடு. மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் ஈட்டு நேரம், அதாவது கூடுதல் நேரம், தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. அதன்படி மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கிறது. பல இடங்களில் பருவத் தேர்வோடு நின்றுவிடும் இச்சலுகையை இவர்கள் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளுக்கும் அளிக்கிறார்கள் என்பதை மனமாரப் பாராட்டுகிறேன். அறையும் தரைத்தளத்தில், நல்ல வெளிச்சத்தில் அமைகிறது. வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள்.

ஆனால், தேர்வில் மாணவர் சொல்வதை எழுதுபவரை ஏற்பாடு செய்வதில் மையம் மிகவும் பின்தங்கியுள்ளது. எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே மாணவர் சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்லியிருக்க, என் மகளுக்கோ தேர்வறை வாசலில்தான் அறிமுகம் நடக்கிறது. வரலாறு, தமிழ் போன்ற பாடங்களில் இதைச் சமாளித்துவிடலாம், கணக்குப்பதிவியலில் முடியாது. பேரேட்டில் பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம் என்பதையும், இருப்புநிலைக் குறிப்புக்கு எத்தனை கட்டங்கள் வரைய வேண்டும் என்பதையும் புதியவர் ஒருவருக்குத் தேர்வறையிலேயே விளக்க நேர்ந்தால், சட்டப்படி கிடைத்த ஈட்டு நேரத்தில் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடுகிறது. எழுதுபவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கணக்கின் படிவம் மட்டும் கைக்குப் பழகியிருந்தால் போதும். அதற்குத் தேர்வுக்கு முன் ஒரு மாலை நேரச் சந்திப்பே போதுமானது.

நவம்பரில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாலைகளில் நீர் ஏறி நகரப் பேருந்துகள் நின்றுபோகும் நாட்களில், பாபநாசம், திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வர வேண்டிய எழுதுபவர்கள் நேரத்துக்கு வந்து சேர முடிவதில்லை. அவசர காலத்தில் எழுதுபவரை மாற்றிக்கொள்ள விதியில் இடமிருந்தும், மாற்று ஆட்களின் பட்டியல் எதுவும் மையத்திடம் இல்லை. மழை ஆண்டுதோறும் வருவது. அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாவது கடினமான காரியம் அல்ல என்றே எண்ணுகிறேன்.

வகுப்பறை உதவி ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுகிறது. சிலர் பாடக்குறிப்பைக் கோப்பாக அனுப்பிவிடுகிறார்கள். அதைக் கைபேசியில் பெரிதாக்கியோ வாசிக்கச் சொல்லிக் கேட்டோ அவள் படித்துக்கொள்கிறாள். மற்றவர்களின் வகுப்பில் தோழிகளின் நோட்டுகளே துணை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மூன்றும் நேர ஏற்பாட்டுக்கும் பணியாளர்களின் மரியாதையான நடத்தைக்கும் உரியவை. சேர்க்கையின்போதே பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, எழுதுபவரை யார் தேடித் தருவார், எப்போது சந்திக்க விடுவார்கள் என்பதைத்தான். எழுதுபவர் பட்டியலை ஐப்பசிக்கு முன்பே இறுதி செய்யுமாறு முதல்வரிடம் மனு கொடுத்திருக்கிறோம். அது நிறைவேறினால் இம்மதிப்பெண்ணை உயர்த்தி எழுதுவேன்.